பதினான்கு சதுர மீட்டர்: பெங்களூர்த் தண்டின் கடைத்தெரு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பெங்களூரில் மூன்று, நான்கு தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், மகாத்மா காந்தி சாலையை இன்னும் சௌத் பரேடு என்றும், கண்டோன்மென்ட் முழுவதையும் தண்டு என்றும் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாலைக்கு 1948இலேயே பெயர் மாறிவிட்டது. அதன் பிறகும் அரை நூற்றாண்டுக்குப் பழைய பெயர் செல்லுபடியானதற்குக் காரணம், பெயர்ப்பலகை மாறினாலும் தெரு பெரிதாக மாறவில்லை என்பதுதான். தெரு உண்மையில் மாறியது 2000களின் நடுவில் தொடங்கிய ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில். பிளாசா தியேட்டர் போயிற்று, காஃபி ஹவுஸ் இடம் பெயர்ந்தது, பிரீமியர் புத்தகக் கடை மூடப்பட்டது, மரநிழல் நடைபாதை அழிந்தது, கடைசியில் பிரிகேட் ரோடு ரெக்ஸ் தியேட்டரும் கதவடைத்தது.

இதற்கு ஊரில் மூன்று காரணங்கள் சொல்வார்கள்: மெட்ரோ வந்தது, ஐ.டி. பணம் வந்தது, மால்கள் வந்தன. மூன்றும் பொய்யல்ல. ஆனால் அவை உண்மையான முழுக் காரணமாக இருந்தால், அதே மெட்ரோவுக்கும் அதே பணத்துக்கும் நடுவில் காமர்ஷியல் ஸ்ட்ரீட்டின் பின்சந்துகளில் இருக்கும் பொத்தான் கடையும், ஜரிகைக் கடையும், தையற்கடையும் ஏன் இன்னும் நிற்கின்றன என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. பெரிய கடைகள் போய்ச் சின்னக் கடைகள் தங்கிய இந்த முரணுக்கு, கட்டடம் யாருடையது, கடைக்காரர் எந்தச் சட்டத்தின் கீழ் அதில் உட்கார்ந்திருந்தார் என்ற இரண்டு கேள்விகளிலிருந்துதான் விடை தேட வேண்டும் என்பது இந்த ஆய்வின் நிலைப்பாடு.

தண்டும் அதன் பின்னால் வந்தவர்களும்

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு அங்கே தங்கிய ஆங்கிலேயப் படை காய்ச்சலில் மடியத் தொடங்கியது. அதனால் 1809இல் படைமுகாம் பெங்களூருக்கு, அல்சூர் கிராமத்தை ஒட்டிய மேட்டு நிலத்துக்கு, மாற்றப்பட்டது. கெம்பேகௌடர் கட்டிய பழைய பேட்டையிலிருந்து இது பல கல் தள்ளி இருந்தது. வந்தது சென்னை ராணுவம் என்பதால், அதற்கு அரிசி, ஆட்டுக்கறி, துணி, செருப்பு, செங்கல் கொடுக்க வந்தவர்களும் சென்னை, ஆற்காடு பக்கத்து ஆட்களாகவே இருந்தார்கள். அல்சூரில் நிலைகொண்ட மெட்ராஸ் சேப்பர்ஸ் படைவீரர்களை ராணுவத்தில் ‘தம்பி’ என்றே அழைக்கும் பழக்கம் இன்றைக்கும் உண்டு. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த ரயில் பாதை முடிந்ததும் தண்டு ஸ்டேஷனில்தான். பேட்டைக்கு அருகில் இருக்கும் சிட்டி ஸ்டேஷன் அதற்குப் பிறகு வந்தது. சென்னையிலிருந்து வந்த தமிழனுக்குத் தண்டு வீட்டு வாசல் போலவும், பேட்டை வெளியூர் போலவும் இருந்ததில் வியப்பில்லை.

இந்தக் குடியேற்றத்தில் பெரிய ஆளாக உயர்ந்தவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். கப்பன் பூங்காவின் ஓரத்தில் சிவப்பு வண்ணத்தில் நிற்கும் அட்டாரா கச்சேரியை, அதாவது பதினெட்டு அரசுத் துறைகளுக்கான கட்டடத்தை, ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் அவர். 1868இல் முடிந்த அந்தக் கட்டடத்தில்தான் இப்போது கர்நாடக உயர் நீதிமன்றம் இயங்குகிறது. 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கி, அதைத் தொடர்ந்து நடத்தச் சொத்துகளை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். இந்த ஆய்வுக்கு அவருடைய தொழிலை விட இந்த எழுதிவைத்தல்தான் முக்கியம். அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய ஆர்.பி.ஏ.என்.எம். பள்ளிகள் ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் நடக்கின்றன; அவர் காலத்தில் சௌத் பரேடில் பளபளத்த கடைகளில் பெரும்பாலானவற்றின் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில்லை.

1881இல் மைசூர் ராஜ்யம் உடையார் வம்சத்திடம் திரும்பக் கொடுக்கப்பட்டபோது, தண்டு மட்டும் சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பெயரில் ஆங்கிலேயர் கையில் தங்கியது. 1947இல் அது மைசூரிடம் திரும்பியது. 1949இல் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தன.

ஒரு பக்கத் தெரு

சௌத் பரேடின் அமைப்பில் ஒரு விசித்திரம் உண்டு. அதன் முக்கியப் பகுதியில் கடைகள் தெற்குப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தன. வடக்கே படைப்பயிற்சி நடந்த பரேடு மைதானம். அதற்கும் சாலைக்கும் இடையே காகிதப்பூக் கொடிகளும் மரங்களும் கொண்ட நடைபாதை. மைதானம் பாதுகாப்புத் துறையினுடையது என்பதால் அந்தப் பக்கம் யாரும் கடை கட்ட முடியவில்லை. எந்த ஊரிலும் ஒரு கடைத்தெரு இரண்டு பக்கமும் வளர்ந்தால் வாடகை கொஞ்சம் பரவும். இங்கே பாதித் தெருதான் விற்பனைக்கு இருந்தது. எனவே தெற்குப் பக்கத்தின் ஒவ்வொரு அடியும் தொடக்கத்திலிருந்தே விலை கூடியதாகவே இருந்தது. அடிவிலை கூடிய இடத்தில் வாடகைக்கு இருப்பவர் நிலை எப்போதும் கத்தி முனைதான்.

அந்தப் பக்கத்தில் 1905இல் ஹிக்கின்பாதம்ஸ் வந்தது. சென்னையில் 1844இல் தொடங்கிய அந்தப் புத்தகக் கடையின் வெள்ளைத் தூண் முகப்பு இப்போதும் அங்கேயே நிற்கிறது. 1936இல் பிளாசா தியேட்டர் எழுந்தது. 1948இல் டெக்கான் ஹெரால்டு, பிரஜாவாணி நாளிதழ்கள் இந்தச் சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கின. லேக்வியூ என்ற ஐஸ்கிரீம் கடைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்காத பிள்ளை எங்கள் பக்கத்தில் இல்லை. 1930இல் அல்சூர் ஏரியைப் பார்த்தபடி கென்சிங்டன் ரோடில் தொடங்கிய கடை அது. பிறகு எம்.ஜி. ரோடுக்கு வந்தது. ஏரி பின்னால் தங்கிவிட, பெயர் மட்டும் கூடவே வந்தது.

காஃபி ஹவுஸ்: தொழில் தொழிலாளியுடையது, சுவர் வேறொருவருடையது

இந்த ஆய்வின் நடுநாயகம் இந்தியன் காஃபி ஹவுஸ்தான். காஃபி வாரியம் நடத்தி வந்த காஃபி விடுதிகளை 1950களில் மூட முடிவெடுத்தபோது வேலையிழந்த தொழிலாளர்கள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழிகாட்டுதலில் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டார்கள். அவற்றில் முதலாவது சங்கம் 1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூரில்தான் உருவானது. எம்.ஜி. ரோடு காஃபி ஹவுஸ் 1959இல் திறந்தது.

உள்ளே போனவர்களுக்குத் தெரியும்: விசிறி மடிப்பு நிமிர்ந்து நிற்கும் வெள்ளைத் தலைப்பாகை, இடுப்பில் பட்டைவார், வெள்ளை உடுப்பு, விளிம்பு தடித்த பீங்கான் கோப்பை, சுவரில் காஃபி வாரியத்தின் பழைய விளம்பரப் படங்கள். ஒரு காஃபிக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாலும் பரிசாரகர் பில்லைக் கொண்டுவந்து வைக்க மாட்டார். அந்தப் பரிசாரகரே நிறுவனத்தின் பங்குதாரர் என்பதால், வாடிக்கையாளரை விரட்டும் முதலாளி அங்கே இல்லை.

ஆனால் கட்டடம் சங்கத்தினுடையது அல்ல. கட்டட உரிமையாளருடன் நடந்த இழுபறியின் முடிவில் 2009 ஏப்ரலில் இடத்தைக் காலிசெய்ய வேண்டியதாயிற்று. சங்கம் சர்ச் ஸ்ட்ரீட்டில் பிரிகேட் கார்டன்ஸ் வளாகத்துக்கு மாறியது. தலைப்பாகையும் பீங்கான் கோப்பையும் கூடவே போயின. தெருவைப் பார்த்த சன்னலோர மேசையைக் கொண்டுபோக முடியவில்லை. அதன் வியாபாரத்தில் பாதி அந்த மேசைதான் என்று சொன்னால் மிகையாகாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முதலாளி இல்லாமல் தொழிலை நடத்தலாம் என்று ஐம்பது ஆண்டு நிரூபித்த ஒரு சங்கம், நிலச்சொந்தக்காரர் இல்லாமல் நடத்த முடியாமல் போயிற்று. மெட்ரோ வேலையின் இரைச்சலும் அதே ஆண்டில் தொடங்கியதால், காஃபி ஹவுஸை மெட்ரோ விழுங்கிவிட்டது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். அது தவறு. மெட்ரோ விழுங்கியது எதிர்ப்புறத்து நடைபாதையை. 2009இல் மரங்களும் காகிதப்பூக் கொடிகளும் வெட்டப்பட்டன. அதை எதிர்த்துப் பலர் வீதிக்கு வந்தும் நிற்கவில்லை. பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடு வரையிலான முதல் ரயில் 2011 அக்டோபர் 20 அன்று ஓடியது. பாலத்தின் அடியில் ரங்கோலி கலை மையம் 2013இல் திறக்கப்பட்டது. நல்ல முயற்சிதான், ஆனால் கூரைக்கு அடியில் நடப்பதும் மரத்தடியில் நடப்பதும் ஒன்றல்ல.

சர்ச் ஸ்ட்ரீட் முனையில் இருந்த பிரீமியர் புத்தகக் கடைக்கும் அதே 2009இல்தான் முடிவு வந்தது. தரையிலிருந்து கூரைவரை புத்தகங்களை அடுக்கி, எந்தத் தலைப்பு எந்தக் குவியலின் அடியில் இருக்கிறது என்று நினைவிலேயே வைத்திருந்த டி.எஸ். ஷான்பாக் அதை நடத்தினார். அதுவும் குத்தகை இடம்தான்.

தியேட்டர்களின் கதை வேறு வகை. அதை நீட்டத் தேவையில்லை. ஒற்றைத் திரை அரங்கு ஒரு நாளைக்கு நான்கு காட்சி ஓட்டிச் சம்பாதிப்பதை விட, அது உட்கார்ந்திருக்கும் மண் பல மடங்கு பெறுமானம் உள்ளதாகிவிட்டது. பிளாசா 2000களின் நடுவில் மூடப்பட்டு இடிபட்டது. ரெக்ஸ் 2018 டிசம்பர் இறுதிவரை தாக்குப்பிடித்து, வணிக வளாகத்துக்கு வழிவிட்டது.

இருந்தவையும் எப்படி இருந்தன என்பதும்

நிலைத்தவற்றின் பட்டியலைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. டிரினிட்டி தேவாலயம், செயின்ட் மார்க்ஸ் பேராலயம், 1883இல் கட்டிய மேயோ ஹால், 1868இல் தொடங்கிய பெங்களூர் கிளப், அதே ஆண்டின் பௌரிங் இன்ஸ்டிட்யூட். எல்லாம் சபை, அரசு, சங்கம் ஆகியவற்றின் சொத்து. வாடகைக்கு இருக்கும் வியாபாரி எவரும் இந்தப் பட்டியலில் இல்லை. வின்ஸ்டன் சர்ச்சில் வைத்துவிட்டுப் போன 13 ரூபாய் பாக்கியை வாராக்கடனாக எழுதிய பேரேட்டை பெங்களூர் கிளப் நூற்றாண்டு கடந்து பெருமையோடு பாதுகாக்கிறது. வாடகைக்கு இருக்கும் எந்தக் கடைக்காரரும் வாராக்கடனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொண்டாட முடியாது.

ஹிக்கின்பாதம்ஸ் தப்பியதற்குக் காரணம் வேறு. சென்னை அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் நிழலில் இருப்பதால், ஒரு கிளையின் ஆண்டு வரவுசெலவு மட்டுமே அதன் தலைவிதியைத் தீர்மானிப்பதில்லை என்பது என் கணிப்பு. பிரிகேட் ரோடு நீல்கிரீஸின் வழி இதற்கு நேர் எதிர். நீலகிரி மலைக்குத் தபால் சுமந்த முத்துசாமி முதலியார், ஆங்கிலேயர் ஒருவரின் வெண்ணெய் வியாபாரத்தை வாங்கி 1905இல் தொடங்கிய தொழில் அது; 1936இல் குடும்பம் பெங்களூருக்கு வந்தது; பின்னாளில், நாட்டிலேயே சூப்பர் மார்க்கெட் முறையில் இயங்கிய முதல் கடைகளில் ஒன்றாகப் பெயரெடுத்தது. பெரும் பங்கு முதலில் வெளி முதலீட்டாளர்களிடமும், பிறகு 2014இல் ஃபியூச்சர் குழுமத்திடமும் போயிற்று. இங்கே பெயர் தங்கி, குடும்பம் விலகியது. காஃபி ஹவுஸில் ஆட்கள் தங்கி, இடம் விலகியது. எது உண்மையில் பிழைத்தது என்று சொல்வது எளிதல்ல.

சிவாஜிநகரின் ரஸ்ஸல் மார்க்கெட் மூன்றாவது வகை. 1927இல் கட்டப்பட்ட இந்தச் சந்தை மாநகராட்சியினுடையது; கடைக்காரர்கள் மாநகராட்சியின் வாடகைதாரர்கள். 2012 பிப்ரவரியில் நடந்த தீவிபத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் எரிந்தன. விடியற்காலையில் போனால் இன்றும் வாசலில் ரோஜாக் கூடைகளும், உள்ளே ஆட்டுத்தலையைத் தீயில் வாட்டும் வாசனையும், தமிழ், உருது, கன்னடம் மூன்றிலும் ஒரே மூச்சில் பேரம் பேசும் குரல்களும் இருக்கின்றன. தனியார் சொத்தாக இருந்திருந்தால், அந்தத் தீக்குப் பின் அங்கே சந்தை மறுபடி எழுந்திருக்குமா என்பது சந்தேகமே.

சட்டத்தின் பங்கு

தனியார் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தவர்களை 2001 வரை காத்தது 1961ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாடகை பாக்கி, உரிமையாளரின் சொந்தத் தேவை, உள்வாடகை, இடித்துக் கட்டுதல் என்பன போன்ற குறிப்பிட்ட காரணங்களைக் காட்டினால் மட்டுமே காலி செய்யச் சொல்ல முடியும். வாடகையை நினைத்தபடி ஏற்றவும் முடியாது. இதனால் சொந்தக்காரர்கள் பெரும் எரிச்சலில் இருந்தார்கள், அதில் நியாயமும் இருந்தது: ஐம்பதுகளில் நிர்ணயித்த வாடகை, கட்டடத்துக்கு வெள்ளையடிக்கக்கூடப் போதவில்லை. கூரை ஒழுகினால் சொந்தக்காரர் பார்க்க மாட்டார்; வாடகைதாரர் தன் காசைப் போட மாட்டார். பழைய கட்டடங்கள் நலிந்ததில் இந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாக வந்த 1999ஆம் ஆண்டுச் சட்டம், 2001 முடிவில் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பு அல்லாத கட்டடங்கள் அதன் பாதுகாப்புக்கு வெளியே தள்ளப்பட்டன. ஒரே விலக்கு: அடித்தளப் பரப்பு 14 சதுர மீட்டருக்கு மேற்படாத வணிக இடங்கள். அதற்கு மேல் இருப்பவர்களுக்கு 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம்தான் கதி. அதன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும்.

14 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ 150 சதுர அடி. ஒரு காஃபி விடுதியோ புத்தகக் கடையோ அதற்குள் அடங்காது. பொத்தான் கடை அடங்கும். 2001க்குப் பிறகு தண்டில் எது நகர்ந்தது, எது நகரவில்லை என்ற கோட்டைப் பெரும்பாலும் இந்த எண்தான் போட்டது என்பது என் முடிவு. பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பது பற்றி இந்த ஊரில் நடக்கும் பேச்சுகள் எல்லாம் முகப்பு, தூண், வளைவு பற்றியே இருக்கின்றன. சுவரைக் காத்துவிட்டு, அதற்குள் இருக்கும் வாடகைதாரரை விட்டுவிட்டால் மிஞ்சுவது அழகான முகப்பு கொண்ட செருப்பு ஷோரூம்தான்.

ஒரு சிறு கடையின் அளவு

இந்த எண்ணின் வலிமையை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். காமர்ஷியல் ஸ்ட்ரீட்டின் பின்சந்து ஒன்றில், ராணுவ அதிகாரிகளுக்குச் சீருடை தைத்த கடையில் என் தாத்தா கட்டிங் மாஸ்டராக இருந்து, பிறகு அதே கடையை எடுத்து நடத்தினார். அவருக்குப் பின் என் சித்தப்பா. தாத்தா காலத்து வாடகை ரசீதுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் வருட வாரியாக நூல் கட்டி இருந்தன. புதுச் சட்டம் வந்த சில ஆண்டுகளில் கட்டடச் சொந்தக்காரர் ஆள் அனுப்பினார். கடை 14 சதுர மீட்டருக்கு மேல் இருக்கிறது, எனவே பாதுகாப்பு கிடையாது, காலி செய்துவிடுங்கள் என்பது சேதி.

உள்ளளவு 9 அடிக்கு 12 அடி என்பது சித்தப்பாவுக்கு மனப்பாடம். வந்தவரோ, சட்டம் சொல்வது அடித்தளப் பரப்பு, சுவரும் அதில் சேரும், வாசலில் இருக்கும் முன்திண்ணையும் சேரும் என்றார். சுவர் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். சித்தப்பா வாக்குவாதம் செய்யவில்லை. கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி, “சார், இதுலயே அளந்துடலாம், நீங்களே ஒரு முனையைப் பிடிங்க” என்றார். தையல் டேப்பு ஐந்து அடிதான். சாக்பீஸால் சுவரில் குறிவைத்துக் குறிவைத்து நகர்ந்தார்கள். சுவரின் கனம், திண்ணையின் கடைசிப் படி எல்லாம் சேர்த்து 10 அடிக்கு 15 அடி வந்தது. நான் கால்குலேட்டரில் போட்டேன்: 13.94 சதுர மீட்டர்.

வந்தவர் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனார். நோட்டீஸ் வரவில்லை. அடுத்த மாதம், வாடகையைக் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா என்று கேட்டு அதே ஆள் வந்தார். சித்தப்பா கூட்டிக் கொடுத்து, ரசீது வாங்கி, டப்பாவில் போட்டார்.